ஜெல்லா, ஊசியா

புதன், இரவு

ஆணாக வாழ எனக்குத் தேவைப்படும் ஹார்மோனை ஜெல்லாகத் தடவலாமா, ஊசியாகப் போடலாமா என்று டாக்டர் கேட்டார். ஊசியைக் கண்டாலே எனக்கு மயக்கம் வரும், அதனால் ஜெல் என்றேன். "வீட்ல கைக்குழந்தை இருக்கா?" என்றார். அக்கா மகள் இருக்கிறாள், என் தோளில்தான் தூங்குவாள். ஜெல் தடவுவதும் தோளில்தான்; பட்டால் அவள் உடம்பிலும் ஏறிவிடுமாம். அப்படியானால் ஊசியே போடுங்கள் என்றேன்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்காவிடம் சொன்னேன்.

"ஊசியப் பாத்தாலே மயங்கி வுழுவியேடா! நானும் வரேன், கையப் புடிச்சிக்கினு உக்காந்துக்கறேன்" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக என்னை 'டீ' என்றே கூப்பிட்டவள். இன்று வாய்தவறித்தான் 'டா' வந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.