குழலுக்குள் பார்த்தேன்

டால்பெர்க் பண்ணை,
செப்டம்பர் தொடக்கம்.

அன்புள்ள ஒட்வாருக்கு,

நானும் நாயும் நலம். நடுக்கடலில் எண்ணெய் மேடைமேல் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். என்னை எங்கே பேச விட்டாய்? போன தடவை நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தத் துப்பாக்கிக் குழல் தேஞ்சு போச்சு சோல்ஃப்ரிட், பேசாம வேட்டையில நம்ம இடத்தைத் தம்பிக்கே விட்டுடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது.

பண்ணைக்கு ஒரு ஆள் என்பதுதானே நம் வேட்டைக் குழுவின் வழக்கம்? இந்த வருஷம் உனக்கு விடுப்பு இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் நான் சுடும் தேர்வில் தேறாவிட்டால் நம் இடம் உன் தம்பி ஸ்டெய்னாருக்கு. ஒருமுறை கைவிட்ட இடம் திரும்பி வந்ததாக இந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

இரண்டு தடவை சுட்டேன். குறிப்பலகையில் வரைந்திருந்த மூஸ் மானின் காதுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று குண்டுகள் சிதறின. ஸ்டெய்னார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அண்ணி, குழலும் செத்துப்போச்சு, உங்க கையும் ஆடுது. வாஃபிள் சுடறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை, அதைப் பாருங்க" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றே ஒரு கேமரா வரவழைத்தேன். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் விலைதான். பென்சிலைவிட மெல்லிய கம்பி. நுனியில் விளக்கும் துளிக் கண்ணாடியும். வால் பக்கத்தைப் போனில் செருகினால் படம் தெரியும். துப்பாக்கியின் பின்பூட்டைக் கழற்றி மெல்ல உள்ளே விட்டேன். ஐயோ, மழைக்குப் பின் உழுத வயல் மாதிரி இருந்தது! குண்டுகள் உரசிவிட்டுப் போன செம்பு வழிநெடுக அப்பிக் கிடந்தது. எட்டிப் பார்த்த ஸ்டெய்னார், "நான் சொன்னேன்ல?" என்று குதித்தான்.

நான் விடவில்லை. செம்பு ஒட்டாத இடங்களில், குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக நின்றது. குழல் தேயவில்லை, அழுக்கேறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். யாருடைய அழுக்கு? வருஷா வருஷம் எண்ணெய்த் துணியை ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று மாட்டி வைத்தவர் யார்? மறுக்காதே, படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

செம்பைக் கரைக்கும் மருந்தை விட்டு ஊறவைத்து வெள்ளைத் துணியை இழுத்தேன். செம்பு கரைந்து நீலமாக வந்தது. மறுபடியும் நீலம். நாற்றம் தாங்காமல் நாய் கொட்டகைக்கு ஓடிவிட்டது. துணி வெள்ளையாக வரும்வரை நான் ஓயவில்லை.

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு. சுத்தம் செய்த குழலில் முதல் குண்டுகள் விலகிப் போகும் என்பதால் கொஞ்சம் சுட்டுப் பழக்கிவிட்டுத்தான் தேர்வுக்குக் குப்புறப் படுத்துக் குறிவைத்தேன். ஐந்து குண்டும் மானின் நெஞ்சுப் பகுதியில்! குழுத் தலைவர் குட்முண்ட் தன் உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தார். ஒரு ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. "எவன்டா சொன்னான் குழல் செத்துப்போச்சுன்னு?" என்று கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை ஒட்வார்.

இப்போது ஊரே துப்பாக்கியும் கேக்குமாக நம் சமையலறைக்கு வருகிறது. ஸ்டெய்னாரும் வந்தான். சுத்தம் செய்கிறேன் என்று தன் துப்பாக்கியின் முன்வாய் வழியாக இரும்புக் கம்பியைத் திணித்துத் திணித்து, விலையுயர்ந்த குழலின் வாயைச் சிதைத்து வைத்திருக்கிறான். முகம் செத்துவிட்டது, பாவம், காபி கொடுத்தேன். நேராகச் சுடும் துப்பாக்கி என்றால் நான் உள்ளே பார்ப்பதே இல்லை. "நல்லாத்தானே சுடுது? எடுத்துட்டுப் போ, பார்த்தா உனக்குத் தூக்கம் போயிடும்" என்று அனுப்பிவிடுகிறேன். இந்தக் கேமராவில் எந்தக் குழலும் நோயாளி மாதிரிதான் தெரியும்.

குட்முண்ட் கேட்டார்: "டால்பெர்க் பண்ணைக்கு ஒட்வார் பேரையே எழுதட்டுமா? நீ அவனுக்குப் பதிலாத்தானே வர்றே?" என் பெயரை எழுதச் சொன்னேன். அடுத்த வருஷத்துக்கும் அதுவே இருக்கட்டும் என்றேன். நீ நாயைப் பிடித்துக்கொண்டு வரலாம், அதற்கு யாரும் தேர்வு வைப்பதில்லை.

கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். நீ போனை வைத்த அன்று நான் வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை கூப்பிடும்போது குழலைப் பற்றி எதுவும் கேட்காதே. நான் எப்படிச் சுட்டேன் என்று முதலில் கேள்.

உன்
சோல்ஃப்ரிட்