சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும்

என் வீட்டுக்காரருக்கு,

போனில் கூப்பிட்டால் "ம்" என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்தால் கட்டிலை விட்டு நீங்கள் எழுவதே சிகரெட்டுக்குத்தான் என்று அந்த ஊரில் உங்களோடு அறையில் தங்கியிருக்கிறவர் சொன்னார்.

எங்கள் சலவைக் கூடத்தில் சிகரெட் பிடிக்கிறவர்களை மட்டும்தான் வேலைக்கு நடுவில் வெளியே விடுவார்கள். நம் மகள் இறந்துபோன பிறகு இஸ்திரி மேசையில் நின்று அழ முடியவில்லை, தேய்த்த துணி நனைகிறது. அதனால் நானும் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

"என்னக்கா, இந்த வயசுல புதுப் பழக்கமா?" என்று மேஸ்திரி சிரித்தான்.

"ஏன், உனக்கு மட்டும்தான் வாய் இருக்கா?" என்றேன்.

கையில் சும்மா வைத்திருக்கத்தான் நினைத்தேன். பிறகு பற்றவைத்தேன். முன்பு நீங்கள் சொல்வீர்களே, அது சரிதான், நெஞ்சு லேசாகிறது. ஆனால் சிகரெட் அணைந்ததும் முன்னைவிடக் கனக்கிறது. மனசு அடுத்ததைத் தேடுகிறது. உங்களுக்கும் அப்படித்தானே?

டாக்டரம்மாவிடம் போனேன். "துக்கம் குறையும்னு பிடிக்கிறீங்க. போகப்போக அது துக்கத்தைக் கூட்டிடும்மா. ரெண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் இருக்கு" என்றார். திட்டவில்லை. தூக்கம் வருகிறதா, சாப்பிடத் தோன்றுகிறதா என்று கேட்டார். எனக்கு உள்ளதைச் சொன்னேன். உங்களைப் பற்றிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை உங்களையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். லீவு சொல்லிவிட்டு வாருங்கள். அவளைப் பறிகொடுத்துவிட்டோம். உங்களையும் கொடுக்க என்னால் ஆகாது.

பஸ் நிலையத்தில் நிற்பேன்,
உங்கள் வீட்டுக்காரி