கதவில் நீ போட்ட பதினோரு கோடு

என் பாவாவுக்கு,

ஊர் முன்னால் உன்னை நீங்க என்றுதான் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினால் நீ. இந்தக் கடிதத்தை நம் மகள் வள்ளி நோட்டீஸாக அடித்து, கே.ஜி.கண்டிகை டீக்கடை வரைக்கும் கொடுக்கப் போகிறாள். ஊரே படிக்கும். இருந்தாலும் நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வருஷ நினைவுக்கு போஸ்டர் அடிக்கலாம் என்று உன் தம்பி சொன்னான். நடுவில் உன் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே எங்கள் எல்லார் பெயரும். நாலு நாளில் ஆடு தின்றுவிடும். அதனால்தான் இது. அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. பிழையை வள்ளி திருத்தினாள். பேச்சைத் திருத்த விடவில்லை.

படிக்கிறவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். நீ நம் ஊர்க் கல்குவாரியில் பாறைக்குத் துளை போட்டவன். பகலெல்லாம் துளை போட்டு, சாயங்காலம் தலையில் மாவு கொட்டினதுபோல் வருவாய். நம் கிணறு வற்றின வருஷம்தான் உனக்கு அந்தப் புத்தி வந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி ரோடு முழுக்கக் காவடி. அன்றைக்கு வெடி வைக்க மாட்டார்கள். குவாரியில் ஆள் இருக்காது. நீ ஒரு கயிற்றில் உன் கை முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, கிழக்கு ஓரத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையிலிருந்து பள்ளத்தில் இறக்கினாய்.

முதல் வருஷம் நான் சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஊரே காவடி எடுத்துகினு போவுது. நீ கயித்த எடுத்துகினு போறியே, வெக்கமா இல்ல?"

"முருகன் எங்க போவப் போறாரு? நாளைக்கும் மேலதான் இருப்பாரு. இந்த மலதான் நாளைக்கி இருக்காது" என்றாய்.

அந்த வருஷம் இருபத்திரண்டு முடிச்சு. வாசற்கதவின் உள்பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் 22 என்று எழுதினாய். அப்புறம் வருஷா வருஷம் அதே பாறை, அதே கயிறு. பதினோரு கோடு. கடைசியில் எண்பத்தொன்று. யாருக்குக் காட்ட அளந்தாய்? கேட்டபோதெல்லாம் சிரித்தாயே தவிர, சொல்லவில்லை.

நீ இருமி இருமிப் போனபோது வீட்டில் கூட்டம். பாடை கட்டக் கயிறு பத்தவில்லை என்று யாரோ பரண்மேல் இருந்ததை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது கண் எங்கே தெரிந்தது? மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து பரணைப் பார்க்கிறேன். உன் கயிறு உன்னோடு எரிந்துவிட்டது. நீ செத்ததற்கு அழுதவள், அன்றைக்குக் கயிற்றுக்காகவும் ஒரு தடவை அழுதேன்.

இனி நீ இல்லாத சேதி.

போன ஆடிக் கிருத்திகைக்கு நானே போனேன். புதுக் கயிறு வாங்கி முடிச்சு போட்டு, அதே பாறையிலிருந்து இறக்கினேன். நூற்றுநாலு. ஒரே வருஷத்தில் இருபத்துமூன்று முழமா? கல் தரையைத் தொட்டபோது கயிறு பாறை விளிம்பில் நின்ற இடத்தில் சிவப்பு நூல் சுற்றிக்கொண்டு, அடுத்து நடந்த கிராம சபைக்குப் போனேன். குவாரிக்காரர்கள் இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். இதுவரை தோண்டியது கொஞ்சம்தான் என்று அவர்கள் பேப்பரில் இருந்தது. நான் எழுந்து எண்பத்தொன்று, நூற்றுநாலு என்று சொன்னேன்.

குவாரியில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணி, எண்பத்தொண்ணு யாரு முழம்?"

"எங்க வீட்டுக்காரரு முழம்."

"நூத்திநாலு?"

"என் முழம்."

"அண்ணன் ஆறடி ஆளு. நீங்க அவரு தோளுக்குக்கூட வர மாட்டீங்க. உங்க கை குட்டைன்னா அதுக்கு மொதலாளி இன்னா பண்ணுவாரு?"

சபைக் கொட்டகையே சிரித்தது, பாவா. உன் தம்பியும் சிரித்தான். முடிச்சு போடும்போது இது எனக்குத் தோன்றவில்லையே. தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாசம் அந்தக் கதவைப் பார்க்க முடியவில்லை. என்னால் உன் பதினோரு கோடும் பொய்யாகிவிட்டதே என்று.

அப்புறம் ஒரு நாள் சர்க்கார் ஜீப் வந்தது. உள்ளே சின்ன வயசுப் பெண், ஆபீசர். பள்ளத்துக்கு மேலே பறக்கிற மிஷினை விட்டுப் படம் எடுத்தாள். வெயில் தாங்காமல் நம் வீட்டில் தண்ணீர் கேட்டாள்.

"குடிம்மா. கேன் தண்ணிதான். கெணத்த கேக்காத" என்றேன். "இன்னாத்துக்கும்மா படம் புடிக்கிற?"

"நாட்டுல என்னென்ன கனிமம் எவ்வளவு இருக்குன்னு கணக்கு எடுக்கிறோம்மா. கல்லும் அதுல வரும்."

"இன்னைக்கி இருக்கறத உன் மிஷின் சொல்லும். போனத யாரு சொல்லுவாங்க?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "பழைய அளவு இருந்தாத்தான்மா சொல்ல முடியும். ஒரு வருஷத்து அளவ வெச்சுகினு ஒண்ணும் தெரியாது. இந்தப் பள்ளத்துக்குக் குவாரி குடுத்த பேப்பர்தான் இருக்கு."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். உள்பக்கம் பதினோரு கோடு.

விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அப்புறம் முகம் வாடியது. "முழம்னு எப்படிம்மா எழுதுறது? ஆளுக்கு ஆள் மாறும். உங்க வீட்டுக்காரரு கையும் இப்ப..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பாவா, எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. உன் அம்மா. இந்த வீடு கட்ட நூல் பிடிக்கும்போது மேஸ்திரி டேப்பை எடுத்தார். அத்தை விடவில்லை. "குடியிருக்கறவன் கையால அளந்தாதான் அந்த வீட்டுல குடித்தனம் தங்கும்" என்று உன்னை மண்ணில் மண்டிபோட வைத்தார்கள். வாசற்சுவரிலிருந்து பின்சுவர் வரைக்கும் பதினாறு முழம். உன் முழம். கை எரிந்து போனால் என்ன? இதோ நிற்கிறதே.

"உள்ள வாம்மா, இந்த வூட்ட அள" என்றேன்.

அவள் டேப் வைத்து அளந்தாள். நான் என் வழியில் அளந்தேன். சுவருக்குச் சுவர் ஒரு கயிறு இழுத்து, அதைப் பாதியாக மடித்தேன், பாதியைப் பாதியாக, இன்னும் இரண்டு தடவை. பதினாறில் ஒன்று கையில் நின்றது. உன் முழங்கையிலிருந்து நடுவிரல் வரைக்கும். கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்தாள்.

பிறகு சிவப்பு நூல் சுற்றின என் கயிற்றைத் தெருவில் நீட்டி, உன் முழத்தால் மறுபடி எண்ணினோம். எண்பத்தேழு. நூற்றுநாலு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு முழம் இறங்கியிருக்கிறது. இருபத்திரண்டிலிருந்து எண்பத்தேழு. கல் என்ன கன்று போடுமா, அடுத்த வருஷம் திரும்பி வர?

பன்னிரண்டு அளவையும் அவள் மீட்டரில் மாற்றி எழுதிக்கொண்டாள். "மேல ஏத்துக்குவாங்களான்னு தெரியாதும்மா" என்றாள்.

"ஏத்துக்கலன்னா அவங்கள வரச் சொல்லு. வீடு இங்கதான் இருக்குது" என்றேன்.

சேதி குவாரிக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த வாரமே ரைட்டர் வந்தான்.

"அண்ணி, இந்தக் கதவ கரையான் தின்னுதே. அண்ணன் எங்க கிட்ட இத்தினி வருஷம் ஒழைச்சவரு. புது இரும்புக் கதவு போட்டுத் தரேன்னு மொதலாளி சொன்னாரு."

"பழச இன்னா பண்ணுவீங்க?"

"நாங்களே எடுத்துகினு போயிடறோம். உங்களுக்கு இன்னாத்துக்கு சிரமம்?"

"ஆங், எடுத்துகினு போங்க. அப்பிடியே செவுரையும் பேத்துகினு போங்க. முழம் அதுலதான கீது."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு போனான். பாவம், அவனும் இருமுகிறான்.

அன்றைக்குக் கொட்டகையில் சிரித்தவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். குவாரியின் பேப்பரில் பள்ளம் எத்தனை ஆழமோ இருக்கட்டும். அனுமதி கொடுக்கிறவர்கள் முதலில் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவை உள்பக்கம் சாத்திப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

யாருக்குக் காட்ட அளந்தாய் என்று கேட்டேனே. இனிமேல் கேட்க மாட்டேன்.

பன்னிரண்டாவது கோட்டை நான்தான் கீறினேன். கொஞ்சம் கோணல். இந்த ஆடிக் கிருத்திகைக்கும் போவேன். பாறைக்கு வேலி போட்டாலும் போவேன். உன் முழத்தில் புதுக் கயிறு இரண்டு கட்டிவிட்டேன், ஒன்று என்னிடம், ஒன்று வள்ளியிடம். நான் போகிற அன்றைக்குப் பாடைக்குக் கயிறு பத்தவில்லை என்றால் கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். பரண்மேல் கை வைக்கக் கூடாது.

உன் மாமன் மகள், உன் வீட்டுக்காரி,
கஸ்தூரி