காத்திருந்தால் விழும் அடி

அன்பு மகளுக்கு,

உங்கள் தலைமைச் செவிலியர் இன்று காலை உறுதிசெய்தார்: நீ அடிபட்ட பிறகு உங்கள் பிரசவ வார்டில் அநேகமாக எல்லோருக்கும் சிசேரியன்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சிசேரியன் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று நான் விசாரித்தபோதெல்லாம் கட்டணம், வசதி, டாக்டரின் பழக்கம் என்றார்கள். இவர் வேறு சொன்னார்.

"உங்க டாக்டர் பொண்ணுதான் சார் பொறுமையா பிரசவம் பார்ப்பாங்க. இப்ப யாரு பார்ப்பா? கத்தியை எடுத்தா கும்பிடுறாங்க, காத்திருந்தா மண்டையை உடைக்கிறாங்க."

அன்று நடந்ததை அவர் பிரசவ அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். "இன்னும் கொஞ்சம் பொறுங்க, தானா பிறந்துடும்" என்று நீ வெளியே வந்து சொன்னதும், "ஏன்டி இன்னும் கிழிக்கல?" என்று உள்ளே வலியில் இருந்த பெண்ணின் கணவன் சலைன் ஸ்டாண்டைச் சுழற்றினான். முகத்தை மறைத்த உன் வலது மணிக்கட்டு நொறுங்கியது. விழுந்த உன்னை வயிற்றில் மிதித்தான். அப்போது உள்ளே குழந்தை அழுதது. சுகப்பிரசவம். அதைக் கேட்ட பிறகும் இன்னொரு முறை ஓங்கி அதே கையில் அடித்தான்.

தாயும் பிள்ளையும் நலம்.

வியாழக்கிழமை உனக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். விரல்கள் மடங்குமா என்பது அன்றுதான் தெரியும். மறுபடி அந்த வார்டுக்குப் போவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அப்பா