அன்று பவித்ராவுக்குக் காய்ச்சல்

திங்கள், பிப். 2

காலையில் நல்ல பனி. கோட்டை மலையே கண்ணில் படவில்லை. பஸ் இருபது நிமிடம் லேட். ஓடிப்போய்க் கையெழுத்து.

வியாழக்கிழமை என் மூன்றாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு. மாநிலம் முழுக்க ஒரே நாள், ஒரே வினாத்தாள். அதனால் பத்து நாளாகப் பாடம் கிடையாது. வட்டத்துக்குள் கறுப்பு அடிக்கும் பயிற்சிதான். கோட்டைத் தாண்டி மை போகக் கூடாதாம். பிள்ளைக்கு எழுத்து தெரியுமா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

நித்திஷ் நான்கு வட்டத்தையும் அழகாக நிரப்பி வைத்திருக்கிறான். ஏண்டா என்றால், "ஒண்ண மட்டும் அடிச்சா மத்தது பாவம் டீச்சர்." இந்தப் பள்ளியில் இன்று நியாயமாகப் பேசிய ஒரே ஆள்.

மாலையில் த.ஆ. கூப்பிட்டார். (தலைமையாசிரியர். இந்த நோட்டில் அவருக்கு இரண்டு எழுத்து போதும்.)

"தேறாதது எத்தினி மேடம்?"

சொத்தைக் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

"பதினாலும் தேறும் சார்."

சிரித்தார். "பவித்ராவுமா?"

வாங்க வேண்டியது: சிவப்புப் பேனா, தலைவலி மாத்திரை, தக்காளி.

செவ்வாய், பிப். 3

பவித்ரா. ஜூனில் வந்தபோது தன் பெயரையே பார்த்து எழுதத் தெரியாது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரை மணி என் பக்கத்தில். பொங்கல் கழித்துத்தான் எழுத்து பிடிபட்டது. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். சரியாகப் படித்துவிட்டால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் இல்லை.

த.ஆ. முடிவு செய்துவிட்டார். "வியாழக்கெழம அதுக்குக் காய்ச்சல்னு போட்டுக்கலாம். பதினாலுல ஒண்ணு கொறஞ்சா இன்னா குடியா முழுவிடும்?"

வழக்கம்தான். போன வருஷம் இரண்டு பேருக்கு அம்மை. அதற்கு முந்தின வருஷம் ஒரு பையனின் தாத்தா செத்துப்போனார். தாத்தா இன்றும் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறார். என்னைக் கண்டால் வணக்கம் வேறு.

"தப்பு சார்" என்றேன்.

"எல்லா ஸ்கூல்லயும் பண்றதுதான. நாம மட்டும் அரிச்சந்திரனா?"

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இடமாறுதல் கையெழுத்து அவர் போட வேண்டும். தூ.

புதன், பிப். 4

வெயில். கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை.

பவித்ராவின் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்ல மட்டும் தைரியம் வந்தது. கடைசி மணி அடித்ததும், "நாளைக்கு உனக்கு லீவு."

"எனக்கு மட்டுமா டீச்சர்?"

"ஆமாம்."

பரிசு என்று நினைத்துவிட்டாள். வாசல் வரை குதித்துக்கொண்டே போனாள். "எனக்கு மட்டும் டீச்சர் லீவு வுட்டாங்க!" மற்றதுகள் பொறாமையில் வெந்தன.

இரவு சோறு இறங்கவில்லை. ஊறுகாய் வைத்தும்.

வியாழன், பிப். 5

எட்டரைக்கே வந்து நிற்கிறாள். யூனிஃபார்ம் இல்லை, பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் கவுன். "அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க. வூடு பூட்டியிருக்குது டீச்சர்."

த.ஆ. முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சமையல் கொட்டகையில் உட்கார வைத்தார்.

தேர்வு நடத்த வந்தது ஒரு பி.எட். மாணவி. பாவம், புதுப் புடவை, பயந்த கண். எண்ணிப் பார்த்துப் பதின்மூன்று என்று குறித்தாள். பிறகு ஜன்னல் வழியாக மஞ்சள் கவுன் தெரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு யாரு சார்?"

"அதுவா? சமையல்காரம்மா வூட்டுப் பொண்ணு. இங்க படிக்கல."

கொட்டகை பத்தடி தூரம். த.ஆ. குரலோ ஊருக்கே கேட்கும். பவித்ரா என்னைத்தான் பார்த்தாள், நான் மறுத்துச் சொல்வேன் என்று. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மதியம் சமையல்காரம்மா: "இன்னா டீச்சர், காலையிலருந்து மூட்டைல இருக்கறது, எண்ண பாக்கெட்டுல இருக்கறது எல்லாத்தயும் எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கினே இருக்குது. இத்தயா தேறாதுன்னு வுட்டீங்க?"

த.ஆ. எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். குடித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

வெள்ளி, பிப். 6

பவித்ராவின் அம்மா மல்லிகா வந்தாள், வேலைக்குப் போகிற வழியில். மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே.

த.ஆ. முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா, ஆபீஸ் ரூல்ஸு. உனக்கு இதெல்லாம் புரியாது."

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மக்குன்னு சொல்லியிருந்தா பரவால்ல டீச்சர். எங்க வூட்டுலயே சொல்றதுதான். இங்க படிக்கலன்னு எதுக்குச் சொன்னீங்க? ராத்திரி முச்சூடும் கேக்குது. எம் பேர அடிச்சிட்டாங்களாம்மான்னு கேக்குது."

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயரைக் காட்டினேன். நேற்றைய கட்டத்தில் விடுப்பு என்று என் கையெழுத்து. மல்லிகாவுக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு கேவலம்.

மதியம் பவித்ராவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். வந்தாள். புத்தகத்தைத் திறந்தேன். விரலை வைக்கவில்லை. "தெரியல டீச்சர்" என்றாள். போன வாரம் படித்த அதே பக்கம்.

புதன், மார்ச் 11

ரிசல்ட். வட்டாரத்தில் முதல் மூன்றுக்குள் நம் பள்ளி. த.ஆ.வுக்குச் சால்வை, எனக்குச் சான்றிதழ். "சிறந்த கற்பித்தல்" என்று தங்க எழுத்தில். லட்டு கொடுத்தார்கள், பழைய எண்ணெய் வாசனை.

பவித்ரா இன்னும் படிக்க வாயைத் திறக்கவில்லை. தினம் அரை மணி. தினம் "தெரியல."

திங்கள், மார்ச் 16

வெயில் ஏறிவிட்டது. காலை பதினொன்றுக்கு வாசலில் ஜீப். முதல் மூன்றுக்குள் வந்த வகுப்பை நேரில் பார்க்க அதிகாரியாம். த.ஆ. சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. பவித்ரா தானாக எழுந்தாள். நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பைக்குள் வைத்தாள்.

"டீச்சர், நான் போயி சமையக் கொட்டாயில ஒக்காந்துக்கறேன்."

"வேணாம், உக்காரு. நீ என் கிளாஸ்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.