செயின் கணக்கும் காலிப் பக்கமும்

உம் பெயரில் ஒரு தப்புக் கணக்கை அச்சடித்துவிட்டார்கள். அது நான் போட்ட கணக்கு.

உம் கல்லூரி வெளியிட்ட நினைவு மலர் இன்று காலை பேட்டைக்கு, என் பட்டறைக்கு வந்தது. கிரீஸ் கையோடு புரட்டினேன். 'அவருடைய நோட்டிலிருந்து' என்று ஒரு பக்கம். மோட்டார் சைக்கிள் வேகமெடுக்கும்போது செயினைச் சுற்றவிட மட்டும் எவ்வளவு சக்தி வேண்டும்? விடை, இருபத்தாறு வாட். மலரைக் கொண்டுவந்தவர் உம்மோடு வேலை பார்த்தவர்.

"பௌதிக வாத்தியாரே சறுக்கிட்டாரே அண்ணாச்சி!" என்று சிரித்தார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உம் வண்டிச் செயின் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. இந்த ஒன்றரைக் கிலோவை எட்டு நொடியில் வேகமெடுக்க வைக்க எஞ்சின் எவ்வளவு செலவழிக்கும் என்று கேட்டீர். நான் எட்டாவதோடு நின்றவன்; மற்றதெல்லாம் பழைய புத்தகங்களில் நானாகப் படித்தது. உப்புத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வண்டி அறுபதில் போனால் செயினும் அறுபதில் ஓடும் என்று வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, செயின் டயர் மேலயா ஓடுது? பல்சக்கரத்து மேலல்லா ஓடுது!"

"வண்டி ஓடுத வேகந்தான்வே எல்லாத்துக்கும். காலேஜுப் பாடத்தக் காலேஜிலயே வச்சுக்கிடும்."

நீர் சண்டை போடவில்லை. என் கணக்கை அப்படியே உம் நோட்டில் எழுதிக்கொண்டீர்.

"யாரு போட்டதுன்னு எழுதல. அடுத்த பக்கம் காலியாக் கெடக்கு. நீரே பைய திருத்தி எழுதும்."

நீர் போனதும் அளந்து பார்த்தேன். பல்சக்கரம் டயரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செயினின் வேகமும் வண்டி வேகத்தில் அவ்வளவுதான். அந்த வேகத்தை அதே வேகத்தால் பெருக்கும்போது விடை இன்னும் சுருங்கி, இரண்டு வாட்டைச் சற்றுத் தாண்டி நின்றது. உம்மிடம் சொல்லவில்லை. கல்லூரிக்காரரிடம் தோற்க மனம் வரவில்லை.

அதன்பின் வண்டியோடு நோட்டும் வரும். "பக்கம் காத்துக் கெடக்கு அண்ணாச்சி" என்பீர். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். போன தையில் நீர் போய்விட்டீர்.

மலர் போட்டவர்கள் நோட்டைப் புரட்டினார்களே, அடுத்த பக்கம் ஏன் காலி என்று ஒருவராவது கேட்டார்களா? என் பெயரை நீர் எழுதாமல் விட்டதால்தான் இன்று உம் பெயர் சிரிப்புக்கு ஆளாகிறது.

மலர்க் குழு திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும். சிரித்தவர் அதை முதலில் தன் பிரதியில் ஒட்ட வேண்டும். உம் மனைவி அந்த நோட்டை ஒருநாள் என்னிடம் தர வேண்டும். நான் பல்சக்கரத்தின் அளவிலிருந்து தொடங்கிக் காலிப் பக்கத்தை நிரப்ப வேண்டும். பிறகு முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, அந்த இருபத்தாறுக்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும்.