திட்டியவர்களுக்கு முதல் துஆ

பாய்,

இன்று பைபாஸ் ஓரத்து டீக்கடையில் பக்கத்தில் நின்றிருந்த லாரி டிரைவர் பல்வலிக்கு ஒரு கிராம்பை வாயில் போட்டுக் கடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, சாலையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன். அவர் பயந்துபோய், "இன்னா பாய், மயக்கமா?" என்றார். "இல்லீங்க, பழக்கம்" என்றேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? வருஷக்கணக்கில் ஒரு கிராம்பு வாசனைக்குப் பின்னால் நடந்தவன் நான்.

வியாழக்கிழமைகளில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நாம் நாலைந்து பேர் கஷ்த்துக்குப் புறப்படுவோம். தெருத்தெருவாக நடந்து, நம் ஆட்களை அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவோம். படியிறங்கும் முன் நீங்கள் ஒரு கிராம்பை வாயில் போடுவீர்கள். "ஷூ ஃபேக்டரில நாள் பூரா பசை வாசன. அல்லா பேர சொல்ற வாய் மணக்கணும்" என்பீர்கள். எனக்கும் ஒன்று நீட்டுவீர்கள். "நான் பேசப் போறதில்லயே, எனக்கெதுக்கு பாய்?" என்றால், "உன் வாய சும்மா வெச்சிருக்கத்தான்" என்பீர்கள்.

பேசுகிறவர் நீங்கள். நான் ரஹ்பர், வழிகாட்டி. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார், நம்மைக் கண்டால் எந்தப் பக்கம் நழுவுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாசலில் ஆளைக் கூப்பிட்டு நிறுத்துவதோடு என் வேலை முடிந்தது. மற்ற நேரமெல்லாம் வாயைத் திறக்காமல் குனிந்து நடக்க வேண்டும். என்னைப் போன்ற ஓட்டை வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடையாது.

என்னென்ன பார்த்தோம் நாம்! "அவரு ஊர்ல இல்ல" என்று ஒரு வீட்டு அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அவர் போனில் கத்துவது கேட்கும். ஒருவர் பின்பக்கச் சுவரேறிக் குதித்தார். "பாய், செருப்ப உட்டுட்டுப் போறீங்க!" என்று நான் கூவியதற்கு நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கதவைத் திறந்து, "இப்பத்தான் கண்ண மூடினேன், உங்களுக்கு வேற வேல இல்லியா, பேஜார் பண்றீங்களே!" என்று தெருவே கேட்கும்படி திட்டினார்.

அப்படித் திட்டு வாங்கித் திரும்பினால் மற்றவர்கள் முகம் தொங்கிப்போயிருக்கும். நீங்கள் மட்டும் பள்ளிவாசலில் உட்கார்ந்து கையேந்திக்கொண்டு, "இன்னிக்கு திட்டினது யாரு யாரு, பேர சொல்லு" என்று என்னைக் கேட்பீர்கள். வருகிறேன் என்றவர்களுக்கெல்லாம் அப்புறம்தான். திட்டியவர்களுக்குத்தான் முதல் துஆ, முதல் வேண்டுதல். அந்த நைட் ஷிஃப்ட்காரருக்கு என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "யா அல்லா, அவருக்கு நல்ல தூக்கத்த குடு." நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதன்பிறகு நான் திட்டுகிறவர்களின் பெயர்களைக் கவனமாக மனதில் வைத்துக்கொள்வேன். "இன்னிக்கு வசூல் ஜாஸ்தி பாய்" என்பேன்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் நான் காட்டாமல் இருந்தேன். என் தம்பி வீடு. அவன் படித்தவன், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பள்ளிவாசல் பக்கம் வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. தொழுகை வரிசையில் அவன் தோள் என் தோளில் இடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவன் வாய்க்குப் பயம். நீங்கள்தான், "ஊர் முழுக்க கூப்பிட்டுட்டு சொந்தத் தம்பிய உட்டா எப்படி?" என்றீர்கள்.

போனோம். நீங்கள் பேசி முடிக்கும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு என்னைக் காட்டி, "உங்களுக்கு வழி காட்றது யாரு, எங்கண்ணனா? டேனரில தோல் தூக்கறான். மூணாங்கிளாஸ் தாண்டல. இவன் காட்ற வழில நான் வரணுமா? பாய், உங்க மேல மரியாத இருக்குது. இந்த ஜோக்கர கூட்டினு என் வாசலுக்கு வராதீங்க" என்றான். எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஊரையே சிரிக்கவைத்தவன் நான். அன்றைக்கு ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. "இதோட போதும் பாய், இனிமே நான் வரமாட்டேன்" என்றேன். நீங்கள் பள்ளிவாசலுக்கு வந்ததும் வழக்கம்போல உட்கார்ந்து கையேந்தினீர்கள்.

"திட்டினது யாரு, சொல்லு."

"பக்கத்துலதான நின்னீங்க? தெரியாதா உங்களுக்கு?"

"நீதான் ரஹ்பர். நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. உங்கள் கையும் இறங்கவில்லை. மஃரிப் பாங்கு சொல்ல மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கடைசியில் என் தம்பி பெயரை என் வாயால் சொன்னேன். அவன் வீட்டுக்குக் குறையாத பரக்கத், அவன் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அன்பு என்று நீங்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனீர்கள். ஆமீன் சொல்லாமல் அழுத்தமாக உட்கார்ந்திருந்த என் தொடையில் ஒரு தட்டு தட்டி, "கோவத்தோட சொன்னாலும் ஆமீன் ஆமீன்தான், சொல்லு" என்றீர்கள். சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை நானாகவே வந்து படிக்கட்டில் நின்றேன். ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை, ஒரு கிராம்பைக் கொடுத்தீர்கள்.

பிறகு சர்க்கரை உங்கள் காலில் புண்ணாகி இறங்கியது. நடக்க முடியாமல் பள்ளிவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் திரும்பும்வரை துஆ செய்துகொண்டிருந்தீர்கள். ஒருநாள் அந்த நாற்காலியும் காலியானது.

நீங்கள் மவுத்தான பிறகு கூட்டம் கரைந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மிச்சமிருந்தவர்களில் ஒருவர், "பேச ஆளில்ல. இப்பல்லாம் கதவத் தட்டினா யாருக்கும் புடிக்கறதுமில்ல. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் போட்டா போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை அறியாமல் என் வாய் திறந்தது. "வாய்ஸ ஒரு வெரல்ல அழிச்சிடுவாங்க. என்னய அழிக்க முடியுமா? எண்பது கிலோ இருக்கறேன்."

சிரித்தார்கள். "அப்ப நீ பேசறியா?"

"பேசறேன்" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

முதல் வீட்டில் ஸலாமை ரெண்டு தடவை சொல்லிவிட்டேன். அந்த மனிதர், "நீயா? இன்னா, வீட்ல கல்யாணமா?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், "போப்பா, போய் பொழப்ப பாரு" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வீட்டில் திறக்கவே இல்லை. மூன்றாவதாக நான் தம்பி தெருவில் திரும்பியதும், கூட வந்தவர்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

தம்பிதான் திறந்தான். நீங்கள் சொல்வதைப் போலவே, "நாமெல்லாம் ஒரே கலிமா சொன்னவங்க" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. "அப்புறம்..." என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பேசற நீ? அவரு பேசினா ரெண்டு நிமிஷம். தெளிவா இருக்கும்" என்றான்.

"அவருதான் இல்லியேடா."

"தெரியும். ஜனாஸா தொழுகைக்கு வந்தேன். கடைசி வரிசைல நின்னேன். நீ அழுதுனு இருந்த, பாக்கல."

நான் வந்த வேலையை விடவில்லை. "மஃரிபுக்கு வர்றியா?" என்றேன்.

"வரல."

"சரி" என்று திரும்பினேன். நாலடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து, "அடுத்த வாரமாவது ஒழுங்கா பேசக் கத்துக்கினு வா" என்ற குரல் கேட்டது. அப்புறம்தான் கதவு மூடியது.

அவன் வரவில்லை பாய். வராதே என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளிலும் போனேன், முழுசாக ஒரு தடவையும் சொல்லி முடிக்கவில்லை. தினமும் டேனரியில் தோல் அடுக்கும்போது நீங்கள் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகப்படுத்தி, ஆட்டுத்தோல்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்து டேபிள்காரன் எனக்குப் பைத்தியம் என்கிறான். பாதி வந்துவிட்டது. மீதியும் வரும்.

நாளைக்கு வியாழக்கிழமை. முதலில் போவது தம்பி வீட்டுக்குத்தான்.